கோணல் முத்திரை

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே, வாசல் சிமெண்டுத் தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, என் கணவர் எஞ்சின் மூடி ஒன்றை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்தது. அவர் கை அதன்மேல் ஒருமுறை போய் வந்தது. பாதியைக் காணவில்லை.

"ஏனுங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் மடியிலிருந்த கீரை முழுவதும் தரையில் கொட்டிவிட்டது.

பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று அவர் துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். நான் மூடியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு நீள்வட்ட முத்திரை. உள்ளே இரண்டு இலக்க எண். முதல் இலக்கம் இரண்டு என்பது தெளிவாகவே இருந்தது. அடுத்த இலக்கத்தின் கீழ்ப்பாதி மூடியில் இருந்தது, மேல்பாதி அவருடைய துணியில் இருந்தது.

"அழுக்குன்னு நெனச்சுட்டேன் அம்மிணி."

"அழுக்கு வட்டமா, உள்ளுக்குள்ள நம்பர் போட்டுக்கிட்டா வரும்?"

அவர் குனிந்து கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார். தப்பு அவருடையது என்று தெரிந்தால் உடனே வீட்டு வேலை செய்வார். இருபத்து மூன்று வருஷப் பழக்கம் எனக்கு.

அந்த மூடிக்குச் சொந்தமான மோட்டார் சைக்கிள் என் அண்ணனுடையது. நான் பிறந்த ஊரான ஹனூரில் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் சாத்திவைத்து, மேலே சோளத்தட்டைப் போட்டு மூடி, அதை அவரே மறந்துபோயிருந்தார். போன வருஷம் ட்ராக்டருக்கு ஷெட் போடும்போதுதான் ஞாபகம் வந்து போன் பண்ணினார். "எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல காயலான் கடைக்குப் போட்டுடட்டுமா?" என் கணவர் இங்கே மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு ஃபிட்டர். வாரம் ஆறு நாளும் யாருடைய மெஷினையோ கழற்றி மாட்டுகிறவர், ஏழாவது நாள் கழற்றுவதற்குத் தனக்கென்று ஒன்று கிடைக்கிறதே என்று அன்றைக்கே டெம்போ பிடித்தார். வண்டி வந்து இறங்கியதும் டேங்கைத் தட்டி, "பொறந்த ஊருக்கு வந்து சேந்துட்டே போ" என்றார். அது மைசூரிலேயே, எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் தயாரான வண்டி.

எஞ்சின் அவர் பாடு, எனக்கென்ன என்றுதான் அதுவரை இருந்தேன். அந்த ஊதா முத்திரை என்னை இழுத்துவிட்டது. அதற்குக் காரணம் என் வேலை. நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்கு லேபில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்து கொடுப்பது. இந்த வேலைக்கு வந்த புதிதில், வெள்ளையாகப் பளபளவென்று செய்வதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்த பல் வாயில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்துப் பல்லில் ஒரு மெல்லிய கீறல், விளிம்பில் ஒரு காபிக் கறை இருந்தால், புதுப் பல்லிலும் அதை வைக்க வேண்டும். அப்போதுதான் அந்த மனுஷர் சிரிக்கும்போது நமக்கு அவர் முகம் தெரியும், பல் தெரியாது. என் கணவர் துடைத்துத் துடைத்து அடுக்கியிருந்த பாகங்களைப் பார்த்தபோது, எல்லாமே நான் முதல் வருஷம் செய்த பற்கள் மாதிரி இருந்தன.

"இனிமே எதையும் என்னைக் கேக்காம துடைக்கக்கூடாது," என்றேன்.

"ஆகட்டும்," என்றார்.

அன்று மதியமே எல்லாப் பாகங்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தேடினேன். தேடத் தேட அகப்பட்டது. இக்னிஷன் காயிலின் தகட்டில் அச்சடித்த எழுத்து, வால்கள் மட்டும் மிச்சம். சிலிண்டர் தலையின் நான்கு நட்டுகளிலும் குறுக்காக ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு. இறுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் என்று அவர் சொன்னார். மூன்று நட்டில் அந்தக் கோடு ஒரு நூலளவுக்கு மிஞ்சியிருந்தது, நான்காவதில் போய்விட்டது. கார்புரேட்டரின் வயிற்றில் புடைப்பாக வார்த்த எழுத்துகள் தேய்ந்து, தடவினால் மட்டும் விரலுக்குத் தெரிந்தன.

புடைப்பு எழுத்து எனக்குச் சுலபம். பல்லுக்கு அளவெடுக்கிற சிலிக்கான் மாவைப் பிசைந்து அழுத்தி, இறுகியதும் உரித்து, அந்த அச்சில் ஜிப்சம் ஊற்றினேன். வெள்ளை ஜிப்சத்தில் சாய்வாக டார்ச் அடித்ததும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இந்த வித்தையை வெச்சுக்கிட்டு பல்லு பண்ணிட்டிருந்தியா?" என்றார்.

ஊதா முத்திரைதான் மசியவில்லை. தொழிற்சாலையில் பரிசோதித்துப் பாஸ் செய்ததும் குத்துகிற முத்திரை அது என்று என் கணவர் சொன்னார். மூடியை ஒரு துண்டில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்து லேபுக்கே எடுத்துப் போனேன். மதிய இடைவேளையில் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, பல்லுக்குப் பூசுகிற பிசினை இறுக்குகிற நீல விளக்கை அதன்மேல் பிடித்திருந்தேன். லேபின் முதலாளியான டாக்டர் உள்ளே வந்தார். அரையடி அகல அலுமினிய மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது யார ஹல்லு?" என்று கன்னடத்தில் கேட்டார். இது யாருடைய பல்? லேபில் இருந்த ஐந்து பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தார். "மூணு இல்லேன்னா அஞ்சு," என்றார். என் முடிவும் அதுவே. கீழ்ப்பாதி இரண்டுக்கும் ஒன்றுதான். இருபத்து மூன்றா, இருபத்தைந்தா என்பது துணியோடு போயிருந்தது.

சரி, இரண்டையும் செய்துவைப்போம் என்று சிவராம்பேட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் ஒருவரிடம் போனேன். நான் வரைந்து கொண்டுபோன தாளைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஆபீஸ் சீல் இது? ஆபீஸ் லெட்டர் இல்லாம செய்யமாட்டோம்."

"ஆபீஸ் இல்லைங்க. எஞ்சின்."

"எஞ்சினுக்கு எதுக்கு சீல்?"

போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். போலி முத்திரை செய்ய வந்தவள் இல்லை என்று அவர் நம்புவதற்குள் இரண்டு டீ வந்து போனது. நம்பியதற்கப்புறம் அவர் என்னைவிட மும்முரமாகிவிட்டார். முதல் இலக்கமான இரண்டின் தலை கொக்கி மாதிரி வளைந்து, பாதம் தட்டையாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த எந்த எழுத்து வகையிலும் அப்படி ஒரு இரண்டு இல்லை. நான் எண்களைப் பெரிதாகக் கையால் வரைந்து கொடுக்க, அவர் அதைச் சுருக்கி ரப்பரில் எடுத்தார். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.

மை அடுத்த பாடு. சாதாரண ஸ்டாம்ப் மை அலுமினியத்தில் காயவே இல்லை, விரல் பட்டதும் ஈஷிக்கொண்டது. மையில் கொஞ்சம் வார்னிஷ் கலந்தேன். காய்ந்தது, ஆனால் கல்யாணப் புடவை மாதிரி ஜொலித்தது. ஒரு பொட்டுப் பழுப்பு சேர்த்ததும் நிறம் அடங்கியது. இந்தச் சோதனைகளையெல்லாம் சமையலறை டப்பா மூடிகளில்தான் செய்தேன். காலேஜ் போகிற என் மகள் ஒருநாள் சாம்பார் பொடி டப்பாவைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, இது இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். ரசப் பொடி இன்னும் பாஸ் ஆகலையா?" என்றாள். அடுத்த நாளே ரசப் பொடிக்கும் குத்திவைத்தேன்.

எல்லாம் கூடிவந்தும் ஒன்று மட்டும் கூடவில்லை. மூடியில் இருந்த முத்திரை நேராக இல்லை, இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மகளுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து அளந்தே பார்த்தேன். என் கை எப்படிக் குத்தினாலும் வலப்பக்கம் சாய்ந்தது. வேண்டுமென்று திருப்பிக் குத்தினால் அது வேண்டுமென்று குத்தினது மாதிரியே இருந்தது. பத்து நாள் இதிலேயே போனது.

என் கணவர்தான் வழி காட்டினார். மைசூர்ப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் முத்திரையின் படத்தைப் போட்டு, இந்த எண் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். மாலைக்குள் ஒருவர் பதில் போட்டார். அது பரிசோதகரின் எண். குவெம்பு நகரில் முறுக்கு, நிப்பட்டு என்கிற தட்டை விற்கும் கடை வைத்திருக்கிற அம்மா அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர், அவரைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தார்.

அந்த ஞாயிறே போனோம். அறுபது வயதைத் தாண்டியவர், ஆனால் கல்லாவிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்கும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கல்லாவுக்கும் நடந்த வேகம் என் வயதுக்கு வராது. தமிழ்க்காரர்தான், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிப்பட்டு வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யோ தேவ்ரே, கடவுளே! இது அவதான். இருபத்தஞ்சு. அவளேதான்."

"அஞ்சுன்னு எப்படிக்கா சொல்றீங்க? அது மூணாவும் இருக்கலாமே?"

"நம்பரை யாரு பாத்தா? கோணலைப் பாரு! அவ எடது கைம்மா. செக்‌ஷன்ல எடது கை அவ ஒருத்திதான். அந்த டேபிள்ல நாங்க ரெண்டு பேருதான் பொம்பளைங்க. அவ அளவெடுத்துக் குத்துவா, நான் எடுத்து அடுக்குவேன். அம்புட்டு மூடியும் இப்படிச் சாஞ்சுக்கிட்டு நிக்கும். நேரா குத்துடின்னு நான் தெனம் சொல்லுவேன், நேராத்தானே இருக்குன்னு அவ தெனம் சண்டைக்கு வருவா."

இடது கை. பத்து நாள் கோணமானியோடு மல்லாடிய எனக்கு இது தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்ற என் கணவர் என்னைப் பார்க்காமல் நிப்பட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார். நல்லவேளை, சிரிக்கவில்லை.

கடைக்கார அக்கா அப்போதே வீடியோ கால் போட்டார். எதிர்ப்பக்கம் வந்தவர் குண்டலுபேட்டையில் மகன் வீட்டில் இருந்தார். பின்னால் ஒரு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய், உன் கோணல் முத்திரை ஊரு சுத்தி இங்க வந்திருக்குடி! பாரு!"

"என்னோடதா? நான் எப்படி கோணலா குத்தினேன்?" மிக்சி நின்றது. "நல்லாக் காட்டு. இது என்னோடது இல்லடி. வேற யாரோ என் ஸ்டாம்ப்பை எடுத்துக் குத்தியிருக்காங்க."

"உன் ஸ்டாம்ப்பைத்தான் நீ டிபன் பாக்ஸ்ல வெச்சுப் பூட்டுவியே!"

இருவரும் ஐந்து நிமிஷம் விடாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் குண்டலுபேட்டை அக்கா, படத்தைக் காட்டிக்கொண்டிருந்த என்னைக் கவனித்து, "நீங்க யாருங்க?" என்றார். சொன்னேன். அந்த ஸ்டாம்ப்பை மறுபடி செய்து வைத்திருப்பதையும் சொன்னேன். என் பேச்சு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "அட, ஹனூருப் பக்கமாட்டம் இருக்குது? எனக்குப் பொறந்த ஊரு கொள்ளேகால் பக்கமுங்க. நீங்க அந்த மூடியை ஒண்ணும் பண்ணாம வெச்சிருங்க. நான் வாறேன். நேரா குத்திக் காட்டோணும் இவளுக்கு."

நான் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பழைய வண்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கூடுகிற நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, குண்டலுபேட்டை அக்கா ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், ஆட்டோவிலிருந்து கடைக்கார அக்காவும் இறங்கினார். அன்றைக்குக் கடைக்கு லீவாம். மறுநாள் கூட்டத்துக்காக நானும் என் கணவரும்கூட லீவு போட்டிருந்தோம்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தோம். மூடியை வைத்தேன். குண்டலுபேட்டை அக்கா உட்காரவில்லை. அந்தக் காலத்திலும் நின்றுகொண்டுதான் வேலையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி ஒருதடவை விரலை ஓட்டினார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திருகாணித் துளை ஒவ்வொன்றையும் பார்த்தார். விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நல்ல மூடிதானுங்க," என்றார், என்னவோ அப்போதுதான் அது வார்ப்பிலிருந்து வந்தது மாதிரி.

பழைய முத்திரையின் மிச்சப் பாதியை அழிக்க எனக்கு அதுவரை மனசு வரவில்லை. அதைச் சொன்னேன்.

"நான் போட்டதுதானுங்களே. நானே அழிச்சுடறேன்," என்று அவர் துணியை வாங்கி ஒரே இழுப்பில் துடைத்தார். அவர் இடது கையில் ஸ்டாம்ப்பை எடுத்து மையில் ஒற்றினார்.

"நேரா," என்றார் கடைக்கார அக்கா.

"தெரியும். நீ அங்கிட்டுப் போய் நில்லு."

மூச்சைப் பிடித்துக்கொண்டார். முழங்கையை உடம்போடு ஒட்டவைத்தார். டொக் என்று ஒரு சத்தம். கையை எடுத்தார்.

நாங்கள் நான்கு பேரும் குனிந்தோம். இடப்பக்கம் அழகாகச் சாய்ந்து, இருபத்தைந்து உட்கார்ந்திருந்தது. பழையதைப் படியெடுத்து வைத்திருந்த ட்ரேசிங் தாளை மேலே வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

குண்டலுபேட்டை அக்கா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மேஜைதானுங்க கோணல்," என்றார்.

கடைக்கார அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். இவரும் அவர் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுத் தானும் சிரித்தார். அன்று மதியம் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு பேரும் அடுப்படியில் என்னை நுழையவிடவில்லை.

மறுநாள் இரண்டு அக்காக்களோடும் மைதானத்துக்குப் போனோம். அங்கே நூறு வண்டிக்குக் குறையாமல் நின்றன. எங்கள் வண்டியை வரிசையில் நிறுத்தி, மூடியைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு துணிமேல் வைத்தோம். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டிகளைப்பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இக்னிஷன் காயிலில் நான் திரும்ப எழுதிய எழுத்தைப் பாராட்டினார். நட்டுகளில் மறுபடி போட்ட சிவப்புக் கோடுகளைப் பாராட்டினார். மூடியைக் கையில் எடுத்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், எல்லாம் சூப்பர். இது மட்டும் சரியில்லை. ஃபேக்டரி முத்திரை இவ்வளவு கோணலா இருக்காது. நேரா குத்தியிருக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாருங்க சொன்னது, இருக்காதுன்னு?"

குண்டலுபேட்டை அக்கா முன்னால் வந்தார். "அதைக் குத்தினது நானுங்க. அப்பவும் நான்தான், நேத்தும் நான்தான். அப்படித்தான் இருக்கும்."

பெங்களூர்க்காரருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் துணிமேல் வைத்துவிட்டு, அக்காவுக்குக் கும்பிடு போட்டார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். பெங்களூர்க்காரர் ஓடிப்போய்த் தன் வண்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குத்திக் கொடுங்கம்மா," என்றார்.

அக்கா அவர் வண்டி எந்த வருஷத்தது என்று கேட்டார். அவர் சொன்னார். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அப்ப நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தனுங்க. உங்க மூடியை நான் பாக்கல. பாக்காத மூடிக்கு நான் குத்தமாட்டேன்."

எவ்வளவு கெஞ்சியும் மாட்டேன் என்றுவிட்டார். பெங்களூர்க்காரர் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கடைக்கார அக்கா அவரைக் கூப்பிட்டு, பாவம் என்று ஒரு பொட்டலம் நிப்பட்டு கொடுத்தனுப்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது குண்டலுபேட்டை அக்கா சாதாரணமாகச் சொன்னார், இத்தனை மூடி பார்த்தும், இந்த வண்டியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை என்று. அவர் வீட்டுக்காரர் சைக்கிளிலேயே காலம் தள்ளிவிட்டாராம். என் கணவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூடியை மாட்டினார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை மைதானம் முழுக்கப் பரவியது.

அக்கா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். என் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டிவிட்டேன். சாமுண்டி மலை அடிவாரம் வரை போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். போகும்போது அவர் என் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரு கை மட்டும் பிடித்திருந்தது. இன்னொரு கை, இடது கை, காற்றில் எங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குனிந்து பின்சீட்டை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார்.

"வண்டி அருமைங்க. ஆனா சீட்டு ஆடுது. இந்தப் பக்கம் ஒரு போல்ட்டு லூசு."

என் கணவர் ஸ்பானர் எடுக்கப் போனார். கடைக்கார அக்கா அதற்குள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "இறுக்கறது அப்புறம் இறுக்கலாம். அடுத்தது நான்தான்," என்றார்.